நாற்பத்தொரு வட்டம் வெட்டிய அலமாரி

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதில் உட்காருங்க. பையைக் கீழே வைங்க, யாரும் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

வீட்டில் அம்மாவும் மகளும் பூவும் பழமும் வாங்கப் போயிருக்கிறார்கள். கடை தெருமுனையில்தான். இங்கிருந்து தும்மினால் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பான். போய் அரை மணி நேரம் ஆகிறது. செடி நட்டு, பூத்த பிறகு பறித்துத் தருவார்கள் போலிருக்கிறது. நீங்க வருகிற நேரம் தெரிந்தும் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பொறுப்பு என்பது அவ்வளவுதான்.

நீங்க எதற்கு வந்தீங்க என்று தெரியும். என் மகள் சுகந்தியை உங்க மகன் பொன்ராஜுக்குக் கேட்க வந்திருக்கீங்க. தூத்துக்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் எட்டு மணி நேரம். வந்த காரியத்துக்கு அப்புறம் வரலாம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மோட்டார் கம்பெனி டூல்ரூமில் முப்பத்தாறு வருஷம் ஃபோர்மேன். அங்கே பேசிக்கொண்டு வேலை செய்தால் விரல் போகும். பத்து விரலும் இருக்கிறது, பாருங்க.

நீங்க என் விரலைப் பார்க்கவில்லை. அந்தச் சுவரைப் பார்க்கிறீங்க. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். போன வாரம் சிலிண்டர் போட வந்தவன், வீட்டுக்குள் இத்தனை ஸ்பீக்கர் எதற்குங்க என்று கேட்டான். ஸ்பீக்கர் இல்லை. அலமாரி. பதினோரு அடி நீளம், எட்டரை அடி உயரம், சுவரோடு சுவராகப் பதித்தது. அந்த வட்டம் ஒவ்வொன்றும் ஒரு போசி. உங்க ஊரில் பாத்திரம் என்பீங்க. வாய் உள்ளே இருக்கிறது, அடி வெளியே தெரிகிறது. நாற்பத்தொன்று. எண்ண வேண்டாம், நான் எண்ணிவிட்டேன்.

சுகந்திக்கு எட்டு வயதாக இருக்கும்போது முதல் தேக்சா வாங்கினேன், பித்தளையில். அப்புறம் பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. கல்யாணத்தன்று சீராகக் கொடுத்து அனுப்ப வேண்டும் அல்லவா. ஒவ்வொன்றிலும் அவள் பெயரை வெட்டச் சொன்னேன். கட்டிலுக்கடியில் போசி, பரணில் போசி, பீரோ மேல் போசி. என் சம்சாரம் பாக்கியம் ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கோயில் மணி அடிக்கிற மாதிரி கேட்கும். மாப்பிள்ளை வந்தால் எல்லாம் கிளம்பிவிடும், பொறுத்துக்கொள் என்றேன்.

மாப்பிள்ளைகள் வந்தார்கள். வரவில்லை என்று சொல்லக்கூடாது. ஒருத்தன் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். டம்ளருக்கே இரண்டு கை என்றால் குடும்பத்துக்கு எத்தனை கை வேண்டும்? இன்னொருத்தன் மேசை மேலிருந்த, நான் அளவு பார்க்கிற வெர்னியர் காலிப்பரை எடுத்து முதுகு சொறிந்தான். வெளியே போ என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்து வைத்தேன். அப்புறம் ஒரு பையன் வந்தான். நல்ல வேலை, நல்ல குணம், குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாகப் போயிற்று. தேடிப் பார்த்ததில் அவன் அப்பாவிடம் அகப்பட்டது. வந்த இடத்தில் எதிரே இருப்பவனை வாய் திறக்க விடாமல் ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷனோடு எப்படிச் சம்பந்தம் வைப்பது? நீங்களே சொல்லுங்க. இருங்க, அப்புறம் சொல்லுங்க.

இது என்ன பொட்டலம்? மக்ரூனா? கொடுங்க. கேள்விப்பட்டிருக்கிறேன். ம். வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை. காற்றைச் சுட்டுப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள் உங்க ஊரில். இன்னொன்று கொடுங்க, சரியாகத் தெரியவில்லை.

இப்படியாக அவளுக்கு இருபத்தொன்பது வயது ஆயிற்று, எனக்கு ஐம்பத்தெட்டு. கம்பெனியில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் ஒரு வருஷம் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் அளந்தேன். கதவு இரண்டு மில்லிமீட்டர் சாய்வு. இட்லித் தட்டில் ஒரு குழி மட்டும் சிறிசு. இதைச் சொன்னால் பாக்கியத்துக்குக் கோபம். வெளியே போய் எதையாவது அளந்துவிட்டு வாருங்கள் என்றாள். வெளியே எவன் அளக்க விடுகிறான்? அப்போதுதான் இந்த அலமாரியை யோசித்தேன்.

டூல்ரூமில் ஒவ்வொரு அளவுக் கருவிக்கும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் அந்தக் கருவியின் உருவத்துக்கே குழி வெட்டி, பச்சைத் துணி ஒட்டியிருப்பார்கள். வைத்தால் அசையாது. வீட்டில் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? முன்பக்கம் முழுக்கப் பலகை. போசிக்கு ஒரு வட்டம். தூசி போகாது, பல்லி போகாது. நாற்பத்தொரு போசியையும் வெர்னியரில் அளந்து மில்லிமீட்டரில் எழுதினேன். எட்டுத் தாளில் வரைபடம். முப்பத்தாறு வருஷ வேலையில் அப்படி ஒரு வரைபடம் நான் போட்டதில்லை. பாக்கியம் அதன் மேல் கறிவேப்பிலை உருவினாள்.

குழந்தைவேல் ஆசாரி வந்தான். கெட்டிக்காரன். வந்தால் நன்றாகச் செய்வான். வருவதுதான் அபூர்வம். அமாவாசை என்றால் வர மாட்டான், மச்சினன் வீட்டில் கிடா வெட்டு என்றால் வர மாட்டான். அந்த மச்சினனுக்கு ஒரே வருஷத்தில் ஐந்து கிடா. இருபது நாளில் முடிகிற வேலை என்றவன் நான்கு மாசம் இழுத்தான். மில்லிமீட்டர் அவனுக்கு ஆகாது. நூல் கணக்குதான். எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஒரு நூலுக்குள் மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது, அந்த மூன்றையும் என்னப்பா செய்வாய் என்று கேட்டேன். இழைப்புளி தின்றுவிடுமுங்க என்றான்.

என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதிலிருந்த பென்சிலை எடுத்தான். திரும்பக் காதிலேயே வைத்தான்.

"ஏனுங்கண்ணா, இது போசியோட வெளிச்சுத்து அளவுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஓட்டைக்கு ரெண்டு விரக்கடை கூட்டிக்கலாமுங்க. கை போகோணுமில்லீங்களா?"

கை எதற்குப் போக வேண்டும் என்றேன்.

"எடுக்கறதுக்குங்க."

"எடுக்கறதுக்கு யாரு வர்றாங்க?" என்றேன்.

ஆசாரி பாக்கியத்தைப் பார்த்தான். பாக்கியம் சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. எழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்படி என்ன சொல்லிவிட்டேன்? விரக்கடை வேண்டாம் என்றேன். நாற்பத்தொரு ஓட்டைக்கும் இரண்டிரண்டு விரல் விட்டால் ஒரு கதவு அகலத்துக்கு மேல் வருகிறது. காற்றை அடுக்கி வைக்கவா அலமாரி செய்வார்கள்?

ஆசாரி அதற்கப்புறம் ஒரு யோசனையும் சொல்லவில்லை. நான் எண் போட்டபடி வெட்டினான். ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. எனக்கே ஆச்சரியம். வைகாசியில் வேலை முடிந்தது. பெரிய அண்டாவைத் தூக்கி வட்டத்தில் வைத்துத் தள்ளினேன். புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் போகிற மாதிரி. கம்பெனியில் அப்படி ஒன்று அமைந்திருந்தால் மூன்று ஷிஃப்ட் ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். இங்கே பாக்கியத்தைத்தான் கூப்பிட முடிந்தது. போயிருச்சுங்களா என்றாள். போயிற்று என்றேன். உள்ளே போய்க் குழம்பைப் பார்த்தாள்.

ஆசாரி உளியையெல்லாம் பையில் போட்டான். "வர்றனுங்கண்ணா. எடுக்கறப்பக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

ஆடியில் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற எதிர்வீட்டு ரத்தினம் அண்டா கேட்டு வந்தாள். சீர் அண்டா, கொடுப்பதில்லை என்றேன். சாமி காரியம் என்று பாக்கியம் இழுத்தாள். சரி என்று கை வைத்தேன். வைக்க முடிந்தது. பிடிக்க முடியவில்லை. அடி வழவழப்பு. சுற்றிலும் பச்சைத் துணி கப்பென்று கவ்விக்கொண்டிருக்கிறது. நகம்கூட நுழையவில்லை. சின்னதை முயன்றேன். அதுவும் அப்படியே. நாற்பத்தொன்றும் அப்படியே. தள்ளினால் உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

இது கோளாறு இல்லை. பாதுகாப்பு. திருடன் வந்தாலும் வெறும் கையோடுதான் போக வேண்டும். ரத்தினத்திடம் இதைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் சாக்கடை அடைப்பு எடுக்கிற ரப்பர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். சீர் போசியில் அதை வைப்பேனா? பரணிலிருந்து என் காந்தத்தை எடுத்தேன். பித்தளையில் காந்தம் ஒட்டாது. நல்ல எவர்சில்வரிலும் ஒட்டாது. மட்டமானதாகப் பார்த்து வாங்கியிருந்தால் ஒட்டியிருக்கும். நல்லதாக வாங்கியது என் தப்பு.

கடைசியில் அண்டாவின் அடியில் பட்டைத் துணியைப் பசை போட்டு ஒட்டி, காய்ந்த பிறகு, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். துணி கையோடு வந்தது. தோள் பூட்டிக்கொண்டது. அண்டா அங்கேயே இருந்தது. ரத்தினம் பந்தல்காரனிடம் அலுமினிய அண்டா வாங்கிக் கூழ் ஊற்றினாள். எனக்கும் ஒரு சொம்பு அனுப்பினாள். இடது கையால் குடித்தேன்.

சுகந்தி பிசியோதெரபிஸ்ட். உங்களுக்குத் தெரிந்ததுதானே. ஆஸ்பத்திரிக்கெல்லாம் வர வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றாள். தினம் காலை ஆறு மணிக்கு வந்து, இந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்து, வலது கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவாள். அப்படியே பிடித்துக்கொண்டு இருபது எண்ணுவாள். எண்ணுவதற்கு நடுவே பேச்சு. ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவர்களைப் பற்றி, மாடிப்படியில் தூங்குகிற பூனையைப் பற்றி. அவள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் சாப்பிட்டீங்களாப்பா, சாவி எங்கப்பா, அவ்வளவுதான். நான் குறுக்கே பேசவில்லை. பேச வலி விடவில்லை.

பதினேழாம் நாள். கை காதுக்கு மேலே போயிருந்தது. அப்போது பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, பொன்ராஜ்னு ஒருத்தர். எங்ககூட வேலை பாக்கறார். தூத்துக்குடிக்காரர். அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேங்கப்பா."

ஐயோ என்று கத்தினேன். வலி. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

கை கீழே இறங்கியதும் விசாரித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உங்க ஊரில் இடம் பிடித்து, ஊரார் தோளையெல்லாம் திருகப் போகிறார்களாம். நீங்க வேறு ஆளுக என்றார்கள். அது எனக்குப் பெரிசில்லை. சொந்தத்தில் நான்கு வீடு வராது. வந்தால் மட்டும் என்ன, ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவார்கள். நான் சொன்னது ஒரே ஒரு நியாயம். சீர் போசி உள்ளே மாட்டியிருக்கிறது. போசி இல்லாமல் பெண்ணை அனுப்பினால் நாலு பேர் சிரிப்பார்கள். அது வெளியே வரட்டும், பார்க்கலாம் என்றேன். இதில் என்ன தப்பு? பாக்கியம் கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டாள். விழவில்லை. போட்டாள்.

சுகந்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். "எனக்குப் போசி வேண்டாங்கப்பா. ரெண்டு குக்கர் இருந்தாப் போதும்."

இருபத்திமூன்று வருஷம். மூன்றாவது வரிசையில் இடது பக்கம் இருக்கிறதே, அந்தச் செம்பு குண்டா, கம்பெனி வேலையாக நாசிக் போனபோது வாங்கியது. ரயிலில் எனக்கு உட்கார இடமில்லை. அது உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன். இரண்டு குக்கர் போதுமாம்.

போதும் என்றால் போதும். நானும் பேச்சை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். ஐம்பது நாள் ஆகிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு வருவாள். கையைத் தூக்குவாள், இருபது எண்ணுவாள், இறக்குவாள், போய்விடுவாள். அவள் குரல் இந்த வீட்டில் எனக்குக் கேட்டது அந்த இருபதுதான். கொஞ்சம் மெதுவாகத்தான் எண்ணுவாள். அது ஒரு வசதி.

ஒன்று சொல்கிறேன், வெளியே விட வேண்டாம். தோள் சரியாகி மூன்று வாரம் ஆகிறது. நான் சொல்லவில்லை. கை மேலே போகும்போது முகத்தைச் சுளிப்பேன். பாக்கியம் இருந்தால் லேசாக முனகுவேன். வேறொன்றும் இல்லை, வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பார்கள்.

நேற்று அகப்பட்டுக்கொண்டேன். சமையலறை டியூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறி இரண்டு கையையும் தூக்கிக் கழற்றிக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸை மறந்துவிட்டோம் என்று சுகந்தி பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள். வாசற்படியில் நிற்கிறாள். கையை இறக்கலாமா, முனகலாமா என்று எனக்குத் தெரியவில்லை. டியூப்லைட்டோடு அப்படியே நின்றேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். சரி, வைத்தியம் முடிந்தது, நாளைக்கு வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்கியம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு மூணு வாரமா தெரியுமுங்க. தோள் பாக்கறதுதான் அவ வேலை. தெரிஞ்சுதான் வந்துட்டிருக்கா."

எனக்கு டியூப்லைட்டைத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. மாட்டும் இடம் தெரியவில்லை. அப்படியே கீழே வைத்துவிட்டேன். இப்போதும் சமையலறை இருட்டுத்தான், பாக்கியம் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கிறாள்.

இன்றைக்கு ஆறு மணிக்கு வந்தாள். வந்து கையைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள். நான் முகம் சுளிக்கவில்லை. எதற்குச் சுளிப்பது? இருபது வரை எண்ணினாள். அப்புறமும் கையை விடவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போனாள். நாற்பது வரை போனாள். நாற்பதுக்கு அப்புறம் இறக்கி வைத்துவிட்டு, பஸ் வந்திருக்கும், பொன்ராஜ் அப்பா பதினோரு மணிக்கு வருவார் என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஐம்பது நாளில் முதல் பேச்சு, அதுவும் உங்களைப் பற்றி. கொடுத்து வைத்தவர்.

சரி. கேட்க வந்ததைக் கேளுங்க. வந்து இவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை நீங்க. பெண் கேட்க வந்தவர் இப்படியா ஊமையாட்டம் உட்கார்ந்திருப்பது? கேளுங்க.

ம்.

அவ்வளவுதானா? இதைக் கேட்கவா எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தீங்க?

கல்யாணம் இங்கேதான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தையில் வைங்க. பங்குனி வேண்டாம், பந்தலுக்குள் வெந்து சாக வேண்டும். உங்க பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள், மீன் இல்லாமல் ஒரு நாள் இருப்பார்களா? பார்த்துக்கொள்ளுங்க. போசியை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. அவள் வேண்டாம் என்றாள், எனக்கும் வைத்திருக்க இடம் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பொங்கலுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம். நடுவிலும் வரலாம்.

ஆனால் அந்த இரண்டு குக்கரை அங்கே எங்கே வைப்பாள்? அவள் துணிமணி, புத்தகம், அந்த ரப்பர் பட்டை, பந்து எல்லாம்? பொன்ராஜ் செய்வான் என்று சொல்லாதீங்க. அவனை நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்கிறேன், செய்ய மாட்டான். உங்க வீட்டு ஹாலில் பெரிய சுவர் எத்தனை அடி? ஜன்னல் இருக்கிற சுவர் வேண்டாம், ஜன்னல் இல்லாதது. கடல்காற்று ஊர், பிளைவுட் உப்பிப்போகும். தேக்குதான். ஒரு மாசம் வந்து தங்கினால் முடித்துவிடலாம். இரண்டு மாசம் என்று வைத்துக்கொள்ளுங்க. எனக்குத் தனி அறையெல்லாம் வேண்டாம். எழுந்து உட்கார்ந்தால் காலை ஆறு மணிக்கு ஒரு காபி போதும்.

கேட் சத்தம். அவர்கள்தான். செடி பூத்துவிட்டது போலிருக்கிறது.

நிமிர்ந்து உட்காருங்க. நான் சரி என்று சொன்னேன் என்று நீங்க சொல்லிவிடக் கூடாது. பாக்கியம் கேட்டாலும் சொல்லக் கூடாது. அவள் என்னிடம் வந்து கேட்கட்டும். சுகந்திதான். அவளாக வந்து, அப்பா என்று கூப்பிட்டு, வாயைத் திறந்து கேட்கட்டும். என்னைத்தான் கேட்க வேண்டும், உங்களை இல்லை.

உள்ளே வருவதற்குள் சீக்கிரம் சொல்லுங்க சம்பந்தி, சுவர் எத்தனை அடி?